ஜெல்லிக் குளமும் கணக்கு நோட்டும்

2017 டிசம்பரில், பருவத்தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்த கையோடு, சிட்னியின் மேற்குப் புறநகரில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் ஷிஃப்ட் வேலை. மறுநாள் அவள் மகளுக்கு ஆறாவது பிறந்த நாள். மாலை ஷிஃப்ட் முடித்து இரவு பதினொன்றரைக்கு வந்தவள், சீருடையைக்கூட மாற்றாமல் அடுக்களைக்குள் போய் ஃபிரீஸரைத் திறந்தாள். முந்தின இரவே சுட்டு உறைய வைத்திருந்த இரண்டு வட்டக் கேக்குகளை வெளியே எடுத்தாள்.

“ஏட்டி, தூக்கம் வரலைன்னா இங்க வந்து ஜெல்லியக் கிண்டு” என்றாள்.

மேசையில் ஒரு பழைய புத்தகம் திறந்து கிடந்தது. அட்டை கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. பக்கங்களில் வெண்ணெய்க் கறை. பக்கத்து வீட்டு ஆஸ்திரேலியப் பாட்டி இரவல் கொடுத்தது. அந்தப் பாட்டியின் பிள்ளைகள் எந்தெந்த வயதில் எந்தெந்தக் கேக்கைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. மருமகள் கைகாட்டியிருந்தது நீச்சல் குளம். கேக்கின் மேல்பகுதியைக் குடைந்து, சுற்றிலும் சாக்லேட் விரல் பிஸ்கெட்டுகளை வேலி போல நிறுத்தி, குழிக்குள் நீல ஜெல்லியை நிரப்பி, சின்னப் பொம்மைகளை நீந்த விட வேண்டும்.

அந்தப் புத்தகத்தைப் பற்றி எனக்கு அன்றுவரை ஒன்றும் தெரியாது. ஊர் திரும்பிய பிறகு தேடித் தேடிப் படித்தேன். நான் தமிழ் இலக்கியம் படித்தவள். சமையல் குறிப்புகளை வரலாற்று ஆவணமாகப் படிக்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அக்காவின் மேசைதான் சொல்லித் தந்தது.

‘ஆஸ்திரேலியன் விமன்ஸ் வீக்லி’ 1933இல் தொடங்கிய பெண்கள் பத்திரிகை. அதன் உணவுப் பகுதி ஆசிரியராக எலன் சின்க்ளேர் இருந்தபோது, 1980இல், குழந்தைகளின் பிறந்த நாள் கேக்குகளுக்கென்று ஒரு புத்தகம் வெளியிட்டது. நூறுக்கும் மேற்பட்ட கேக்குகள். அட்டையில் ரயில். அதன் பெட்டிகளில் சரக்காகச் சோளப்பொரியும் மிட்டாயும். உள்ளே ஒரு வாத்து. அதன் அலகு உருளைக்கிழங்குச் சிப்ஸ், தலைமுடி சோளப்பொரி. ஒன்று முதல் பத்து வரை எண்களின் வடிவிலும் கேக்குகள். பாவாடைக்குப் பதில் கேக்கை உடுத்திய பொம்மைக்கு ‘டாலி வார்டன்’ என்று பெயர். டிக்கன்ஸ் 1841இல் எழுதிய ‘பார்னபி ரட்ஜ்’ நாவலில் வரும் பெண்ணின் பெயர் அது. லட்சக்கணக்கில் விற்ற இந்தப் புத்தகத்தை 2011இல் மறுபடியும் அச்சிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் வளர்ந்த இரண்டு தலைமுறைக்கு இதைப் புரட்டியபடி ‘எனக்கு எது’ என்று தேர்ந்தெடுத்த நினைவு இருக்கிறது.

புத்தகத்தின் ரகசியம் எளிது. பேக்கரிக்காரரின் கைத்திறனை இது கேட்பதில்லை. கடையில் வாங்கிய பாக்கெட் மாவில் சதுரமாகவோ வட்டமாகவோ சுட்டுக்கொள்ளலாம். வரைபடத்தைப் பார்த்து வெட்டி, துண்டுகளை வெண்ணெய்க் கிரீமால் ஒட்டி, மேலே நிறம் பூசி, மளிகைக் கடை மிட்டாய்களால் கண்ணும் மூக்கும் வைத்தால் முடிந்தது. வேலையின் நுணுக்கத்தை அக்கா சொல்லித்தான் அறிந்தேன். சுட்ட சூட்டில் வெட்டினால் கேக் உதிரும். உறைய வைத்து வெட்டினால் விளிம்பு கத்தி போல நிற்கும். முதலில் ஒரு மெல்லிய பூச்சுப் பூசித் துகள்களை அடக்கி, அது இறுகிய பிறகே இரண்டாவது பூச்சுப் பூச வேண்டும். சிட்னியில் டிசம்பர் என்பது கடுங்கோடை. வெண்ணெய்க் கிரீம் கையிலேயே இளகும். அதனால்தான் நள்ளிரவு.

இந்தப் புத்தகம் ஏன் 1980இல் வந்தது, ஏன் அப்படி விற்றது என்பதை அதற்கு முந்தைய சில ஆண்டுகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் 1966 நவம்பர் வரை, மத்திய அரசுப் பணியில் இருந்த பெண் திருமணம் செய்தால் நிரந்தர வேலையை விட்டாக வேண்டும். 1950இல் அங்கே ஊதிய நீதிமன்றம் பெண்ணுக்கு நிர்ணயித்த அடிப்படைக் கூலி, ஆணின் கூலியில் 75 சதவீதம். சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற தீர்ப்பு 1972இல்தான் வந்தது. ஆக, 1980இல் அந்தப் புத்தகத்தை வாங்கிய தாய்மார்களில் பலர், திருமணத்துக்குப் பிறகும் வேலையில் நீடித்த முதல் தலைமுறை. அவர்களுக்கு நேரம் இல்லை. ஆனால் நல்ல அம்மா என்ற பெயருக்கான தேர்வு ஆண்டுக்கொரு முறை, அக்கம்பக்கக் குழந்தைகள் எல்லோரும் பார்க்க, மேசை நடுவில் நடந்தது. பாக்கெட் மாவையும் கடை மிட்டாயையும் ஒப்புக்கொண்ட புத்தகம் அவர்களுக்குக் கைகொடுத்தது. அதே சமயம் தேர்வை ரத்து செய்யவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் பதிப்பில் பெண் குழந்தைகளுக்கு ஒரு பகுதி, ஆண் குழந்தைகளுக்கு ஒரு பகுதி என்று பிரித்திருந்தார்கள். அடுப்பும் தையல் மெஷினும் யாருக்கு வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சமையலறையில் நள்ளிரவு வரை நின்று அம்மா செய்த கேக், மகளுக்கு இன்னொரு சமையலறையைப் பரிசளித்தது.

பாக்கெட் மாவுக்கும் ஒரு கதை உண்டு. 1950களில், தண்ணீர் மட்டும் ஊற்றிச் செய்யும் கேக் மாவு அமெரிக்கப் பெண்களுக்குக் குற்ற உணர்வைத் தந்தது, எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியலாளர் சொன்னபடி முட்டையை அவர்களே சேர்க்கும்படி மாற்றியதும் விற்பனை ஏறியது என்று விளம்பரத் துறைப் பாடங்களில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பெண்ணின் மனத்தை ஒரு முட்டையால் வென்ற ஆணின் கதை. ஆனால் பிட்ஸ்பர்கின் டஃப் கம்பெனி, புது முட்டை சேர்க்கும் மாவுக்கு 1930களிலேயே காப்புரிமை பெற்றிருந்தது. லாரா ஷப்பீரோ 2004இல் எழுதிய ‘சம்திங் ஃப்ரம் தி அவன்’ என்ற நூலில் இந்தக் கதையை நிதானமாகப் பிரித்துக் காட்டுகிறார். காய்ந்த முட்டைத்தூளைவிடப் புது முட்டை போட்டால் கேக் நன்றாக இருக்கும் என்பது ஒன்று. கேக் செய்வதை மாவுக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது பெண்ணின் ‘சொந்தக் கைவேலை’ அலங்காரத்துக்கு இடம் மாறியது என்பது மற்றொன்று. மாவு விற்றவர்களே, வீட்டில் சுட்ட கேக்கைக் கால்பந்து மைதானமாகவும் சர்க்கஸ் கூடாரமாகவும் மாற்றச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். மாவு கலப்பதில் மிச்சமான அரை மணி நேரம், ஐசிங் பூசுவதில் மூன்று மணி நேரமாகத் திரும்பி வந்தது. வீட்டு இயந்திரங்கள் பெண்ணின் வேலையைக் குறைக்கவில்லை, தரத்தை உயர்த்தி வேலையைக் கூட்டின என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ‘மோர் வொர்க் ஃபார் மதர்’ நூலில் எழுதினார். மிக்ஸி வந்த பிறகு எங்கள் வீட்டில் சட்னி மூன்று வகையானதை நினைத்துக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தினால் கேக் என்பது வெறும் சுமை என்றாகிவிடும். அது பாதி வரலாறுதான். பெண்கள் கேக்கை விற்றும் இருக்கிறார்கள். விற்ற காசில் என்ன செய்தார்கள் என்பது மறுபாதி.

1886இல் பாஸ்டனில், பெண்களின் வாக்குரிமைக்கு நிதி திரட்டிய சந்தையில் ஒரு சமையல் புத்தகம் விற்பனைக்கு வந்தது. ஹேட்டி பர் தொகுத்த ‘தி உமன் சஃப்ரேஜ் குக் புக்’. குறிப்புகள் தந்தவர்களில் மருத்துவர்களும் மதபோதகர்களும் எழுத்தாளர்களும் உண்டு. ஓட்டுக் கேட்கும் பெண்ணுக்குச் சமைக்கத் தெரியாது, குடும்பத்தைப் பட்டினி போடுவாள் என்று கேலி செய்த காலம். கேலிக்குப் பதிலும் இயக்கத்துக்குக் காசும் ஒரே புத்தகத்தில் கிடைத்தன. அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் வாக்குரிமை கிடைக்க அதன் பிறகும் 34 ஆண்டுகள் ஆயின.

ஆஸ்திரேலியாவில் 1922இல் நியூ சவுத் வேல்ஸில் கிராமப்புறப் பெண்கள் சங்கம் தொடங்கியது. கேக் கடை போட்டும், விருந்து நடத்தியும் அந்தப் பெண்கள் திரட்டிய காசு சிசு நல மையங்களாக ஆனது. சந்தைக்கு வரும் கிராமத்துத் தாய்மார்கள் உட்காரவும் பால் கொடுக்கவும் கழிப்பறை போகவும் நகரங்களில் ஓய்வறைகள் கட்டினார்கள். நூறு ஆண்டு கழித்தும் நம் ஊர்ப் பேருந்து நிலையங்களில் எத்தனை பெண்கள் அடக்கிக்கொண்டு நிற்கிறார்கள் என்பதை நினைத்தால், அந்தக் கேக்குகளின் கனம் புரியும். பள்ளிகளும் தேவாலயங்களும் இன்றும் அங்கே ‘லாமிங்டன்’ விற்று நிதி திரட்டுகின்றன. சதுரக் கேக்கைச் சாக்லேட்டில் முக்கித் தேங்காய்த் துருவலில் புரட்டி, டஜன் கணக்கில் முன்பதிவு வாங்கி விற்பார்கள். பெயர் மட்டும் 1896 முதல் 1901 வரை குவீன்ஸ்லாந்து ஆளுநராக இருந்த லாமிங்டன் பிரபு குடும்பத்தினுடையது. அவற்றைச் செய்த கைகளுக்குப் பெயர் இல்லை.

பெயரில்லாமல் இருப்பதையே ஆயுதமாக்கியவர் ஜார்ஜியா கில்மோர். 1955 டிசம்பர் 1 அன்று அலபாமாவின் மான்ட்கமரியில், பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். அன்றிரவே ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளை அச்சடித்துப் பேருந்துப் புறக்கணிப்புக்கு அழைத்தவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியை என்பது பாடத்தில் அதிகம் வருவதில்லை. கில்மோரோ வருவதே இல்லை. அவர் ஓர் உணவகத்தில் சமையல்காரர். புறக்கணிப்பு 381 நாள் நீடித்தது. அத்தனை நாளும் மக்களை வேலைக்கு ஏற்றிச் செல்லக் கார்கள் வேண்டும், பெட்ரோல் வேண்டும். கில்மோரும் தோழிகளும் வறுத்த கோழியும் கேக்கும் பையும் செய்து விற்றார்கள். வாங்கியவர்களில் வெள்ளையர்களும் உண்டு. அந்தத் தோழிகளில் பலர் வெள்ளையர் வீடுகளில் வேலை செய்தவர்கள். போராட்டத்துக்குக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் மறுநாள் வேலை போய்விடும். அதனால் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல வேண்டிய பதில் பெயரிலேயே இருந்தது. 1956இல் மார்ட்டின் லூதர் கிங் மீதான வழக்கில் கில்மோர் சாட்சி சொன்னார். அவர் வேலை போனது. பிறகு தன் வீட்டுச் சமையலறையையே உணவகமாக்கினார்.

கில்மோரைப் பற்றிப் படித்ததில் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது. பணத்தை அவர் யாரிடமும் ஓசையில்லாமல் கொடுத்துவிடவில்லை. பொதுக்கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் எழுந்து போய், இந்த வாரம் இவ்வளவு என்று அறிவித்தார். செய்தவர்களின் பெயர் மறைவாக இருந்தது. கணக்கு வெளிச்சத்தில் இருந்தது.

நாங்கள் இதைத் தலைகீழாகச் செய்தோம். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில், விடுதிக் கட்டணம் கட்ட முடியாமல் படிப்பை நிறுத்தவிருந்த மாணவிகளுக்காக ஆசிரியைகள் எட்டுப் பேர் கேக் விற்பனை நடத்தினோம். நான் திறந்த புத்தக வடிவில் ஒன்று செய்தேன். பக்கங்களில் சாக்லேட்டால் உயிரெழுத்துகள். ஆய்த எழுத்தின் மூன்று புள்ளிக்கு ஜெம்ஸ் மிட்டாய். இரண்டு இரவு முதுகு ஒடிந்தது. மாணவிகள் ‘அ’ எனக்கு, ‘ஔ’ எனக்கு என்று துண்டுக்குச் சண்டை போட்டார்கள். 18,400 ரூபாய் சேர்ந்தது. எல்லோர் பெயரையும் மேடையில் வாசித்துக் கைதட்டினார்கள். பணம் ஒரு குழுவிடம் போனது. குழுவில் ஒரு பெண்ணும் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு மாணவி மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்து நின்றபோதுதான் விசாரித்தோம். தொகை விழாச் செலவில் ‘தற்காலிகமாக’ப் போயிருந்தது. திரும்பக் கேட்டு வாங்க ஒரு பருவம் ஆனது. மற்றவர்கள் விடுதியில் தங்க முடிந்தது. அந்த ஒரு மாணவி திரும்பி வரவில்லை. இதை எழுதும்போதும் அவள் முகம்தான் முன்னால் நிற்கிறது. கைதட்டலை வாங்கிக்கொண்டு கணக்கு நோட்டைக் கையில் வாங்காமல் விட்டதில் எங்கள் தவறும் உண்டு.

கேக்கைப் பற்றி எழுதும் தமிழ்ப் பெண் சர்க்கரையைத் தாண்டிப் போக முடியாது. ஆஸ்திரேலிய வீடுகளுக்கு ஐசிங் சர்க்கரை விற்ற கொலோனியல் சுகர் ரிஃபைனிங் கம்பெனிதான் பிஜித் தீவில் கரும்பாலைகளை நடத்தியது. 1879 முதல் 1916 வரை அறுபதாயிரத்துக்கும் அதிகமான இந்தியர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் கப்பலேறினார்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது விதி. நாளொன்றுக்கு ஆணுக்குக் கூலி 1 ஷில்லிங், பெண்ணுக்கு 9 பென்ஸ். ஒரு ஷில்லிங் என்பது 12 பென்ஸ். கணக்குப் போட்டால் 75 சதவீதம். மேலே சொன்ன 1950ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அதே விகிதம். அந்தப் பெண்களின் துயரைப் பாரதி பாடியிருப்பதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறேன். ஐசிங் சர்க்கரையைச் சலிக்கும்போது எழும் வெண்புகையைப் பார்த்தால் அந்த வகுப்பு நினைவுக்கு வருகிறது.

உணவுக்கு உருவம் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. நாஞ்சில் நாட்டிலும் நெல்லையிலும் ஔவையார் நோன்பு உண்டு. செவ்வாய்க்கிழமை இரவு, ஊர் அடங்கிய பிறகு பெண்கள் மட்டும் ஒரு வீட்டில் கூடி, உப்பில்லாப் பச்சரிசி மாவில் விதவிதமான உருவங்களில் கொழுக்கட்டை பிடிப்பார்கள். ஆண்கள், ஆண் குழந்தைகள்கூட, பார்க்கக் கூடாது. விடிவதற்குள் தின்று முடித்துவிட வேண்டும். நோன்பின் பலன் குடும்பத்து நலத்துக்குத்தான் என்றாலும், அந்த இரவின் சிரிப்பு பெண்களுடையது. மதிப்பெண் போட அங்கே யாரும் இல்லை. பெரியம்மா பிடித்த கொழுக்கட்டைகளைப் பார்த்து வளர்ந்தவள்தான் சிட்னியில் கேக்கைக் குடைந்துகொண்டிருந்தாள்.

அந்த இரவில் நாங்களும் நிறையச் சிரித்தோம். ஜெல்லி முழுதாக உறைவதற்குள் ஊற்றிவிட்டோம். பிஸ்கெட் வேலியின் இடுக்கில் நீலம் கசிந்து தட்டெல்லாம் ஓடியது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். சத்தம் கேட்டு எழுந்து வந்த அத்தான், “கடையில வாங்கியிருக்கலாமே” என்றார். அக்கா நிமிர்ந்து பார்த்து, “நீங்க வாங்கியிருக்கலாமே” என்றாள். அவர் பேசாமல் துணி எடுத்துத் தரையைத் துடைத்தார்.

பிற்பாடு ‘ப்ளூயி’ என்ற ஆஸ்திரேலியக் கார்ட்டூனில் அந்த வாத்துக் கேக்குக்கென்றே ஒரு கதை வந்தது. 2020இல். அதில் அப்பாதான் சிப்ஸ் அலகோடு போராடித் தோற்றுத் தோற்றுச் செய்கிறார். எனக்குப் பிடித்திருந்தது. நாற்பது ஆண்டுகளாக அம்மாக்கள் செய்தபோது அது கதையாகவில்லையே என்ற எரிச்சலும் இருந்தது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

மறுநாள் மருமகள் கசிந்த குளத்தைப் பார்த்து, “சித்தி, இது வெள்ளம்!” என்று குதித்தாள். அக்கா அன்று மாலையும் ஷிஃப்டுக்குப் போனாள். இப்போது அந்த வீட்டில் கேக் அத்தானின் முறையும் அக்காவின் முறையும் மாறி மாறி வருகிறது. எங்கள் கல்லூரியிலோ, ஒவ்வொரு விற்பனைக்கும் முன்னால் மாணவிகள் இருவரைக் கணக்கெழுதத் தேர்ந்தெடுக்கிறோம். மாலையில் வரவு செலவை உரக்க வாசித்துவிட்டுத்தான் பாத்திரம் கழுவப் போகிறோம். கழுவுவதற்கு ஆண் ஆசிரியர்கள் இருவர் வருகிறார்கள். எட்டுப் பேர் வர வேண்டும்.